அன்றாட வாசிப்பும் அருஞ்சொற் பயிற்சியும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் மாணவர் ஒவ்வொருவரிடத்தும் ஒரு குறிப்பேடு உண்டு. அதன் இடப்பக்கத்தில் அருஞ்சொற்களும் வலப்பக்கத்தில் அவற்றின் பொருள்களும் நிரல்பட எழுதப்பட்டிருக்கும். ‘ஞாலம்’ என்பதற்கு எதிரே ‘உலகம்’ என்றிருக்கும். ‘வேழம்’ என்பதற்கு எதிரே ‘யானை’ என்றிருக்கும். தேர்வு நெருங்கியவுடன் விடுதித் தாழ்வாரங்களில் இவ்விரு பக்கங்களையும் உருப்போடும் ஓசை விடியற்காலந் தொட்டே கேட்கும். தேர்வு முடிந்த மறுகிழமையில் அக்குறிப்பேடு பழந்தாள் வாங்குவோனது தராசிலேறும். அதிலிருந்த சொற்களும் அதனோடு நம்மை விட்டகலும். இங்ஙனம் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான சொற்களை விருந்தினராக வரவேற்று, மூன்றாம் நாள் வழியனுப்பிவிடுவதற்கே நாம் ‘தமிழ் பயிலுதல்’ என்று பெயரிட்டு வழங்குகின்றோம்.

இது பயிலுதலாகாது என்பதும், அருஞ்சொற்களை நம் அன்றாட வாசிப்பினின்றும் அவ்வாசிப்பைக் குறித்த சிந்தனையினின்றுமே பெறுதல் வேண்டுமென்பதும் எமது துணிபு. தேர்வும் மதிப்பெண்ணும் வேண்டாவென்று கூறும் துறவுள்ளம் எமக்கில்லை. ஆயினும் ஒன்று கேட்கின்றோம். பாடத்திற்குப் புறம்பான ஒரு பாட்டைத் திடீரென நம் முன் வைத்தால், மூன்றாண்டு தமிழே பயின்ற நம்மில் எத்துணைப் பேர் துணிந்து அதனுட் புகுவோம்? பதவுரை இன்றேல் பாட்டே இல்லை என்னும் நிலையிலன்றோ இருக்கின்றோம்? இந்நிலையிலேயே பட்டம் பெற்று, நாளை ஆசிரியராகி, நம் குறிப்பேட்டை நம் மாணாக்கர்க்கு வாசித்துக்காட்டி எழுதச் செய்வோமாயின், அவர் தம் மாணாக்கர்க்கு எதனைக் கொடுப்பர்? பாட்டு ஓரிடத்திலும், அதனைக் கற்போர் வேறோரிடத்திலுமாகப் பிரிந்துபோகும் காலம் தொலைவிலில்லை.

‘அக்காலத்து மாணாக்கரும் நிகண்டை உருப்போட்டனரல்லரோ?’ என்று ஒரு தடை எழுதல் கூடும். உண்மையே. திண்ணைப் பள்ளிகளில் சூடாமணி நிகண்டைச் சிறுவர் தலைகீழாக ஒப்பித்தனர். ஆனால் அவர்கள் அதனோடு நின்றாரில்லை. நிகண்டை நெஞ்சில் ஏற்றிக்கொண்ட பின்னர் ஓர் ஆசிரியரை அடைந்து, அவர் உண்ணும்போதும் உலாவும்போதும் உடனிருந்து, அந்தாதியும் பிள்ளைத்தமிழும் புராணமும் எனப் பல நூல்களைப் பாடங்கேட்டனர். நிகண்டு அவர்கட்கு உக்கிராணமாக இருந்தது. உண்டி வேறிடத்திற் சமைக்கப்பட்டது. (உக்கிராணம் யாதென்பதைப் பின்னர்க் கூறுவாம்.) நாமோ உக்கிராணத்துள்ளேயே இலைபோட்டு அமர்ந்து, பச்சையரிசியை மென்றுகொண்டிருக்கின்றோம்.

ஆசிரியர் தொல்காப்பியனார் உரியியலில் ஒரு முறை கூறியுள்ளார். பழகாத சொல்லைப் பழகிய சொல்லோடு சார்த்தி உணர்த்துதல் வேண்டுமென்பது அதன் கருத்து. பழகியது எது என்பதுதான் ஈண்டு வினா. குறிப்பேட்டின் வலப்பக்கத்திலுள்ள ஒற்றைச் சொல்லன்று. நாம் நாடோறும் வாசிப்பதும், கேட்பதும், கையாள்வதுமே பழகியது. அருஞ்சொல் அதனோடு சாரும்போதுதான் நம்முடையதாகின்றது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. நம்மிற் பலர் கிறிஸ்தவ இல்லங்களிற் பிறந்தோம். எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்ற நாள்முதல் குடும்ப ஜெபத்தில் வேதாகமத்தின் ஓர் அதிகாரத்தை முறைவைத்து வாசித்து வந்துள்ளோம். நம் இல்லங்களில் இன்றும் பெரும்பாலும் வழங்குவது 1871-ஆம் ஆண்டில் வெளிவந்த திருப்புதலே. அதனுள் எத்துணை அருஞ்சொற்கள் உள்ளன! வேறு நூல் எதனையும் வாசித்தறியாத நம் பாட்டிமார் அவற்றைத் தடையின்றி வாசித்தனர், பொருளும் உணர்ந்தனர். சிறப்பு வகுப்பு மாணவராகிய நாமோ அவற்றின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடிவிடுகின்றோம்.

மலைப்பிரசங்கத்தில் விளக்கை மூடுங் கலமாகச் சொல்லப்பட்ட ‘மரக்கால்’ என்பதை எடுத்துக்கொள்வோம். மரத்தாற் செய்த காலைக்கொண்டு விளக்கை எங்ஙனம் மூடுவது என்று ஓய்வுநாட்பள்ளிச் சிறுவர் வினவுவதுண்டு. வினவும் சிறுவர் வினவாத நம்மினும் மேலானவர். மரக்கால் என்பது நெல்லளக்கும் கருவி. எட்டு நாழி கொண்டது. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். குறுணி என்பதும் அதுவே. நெல்லை எடையிட்டு விற்கும் இந்நாளில் அக்கருவி பரண்மேல் ஏறிவிட்டது. சொல்லும் உடன் ஏறிற்று. நிற்க. அச்சிறுவர் கருதிய பொருளும் தமிழில் இல்லாததன்று. சிலப்பதிகாரம் கூறும் பதினோராடல்களுள் ஒன்று மரக்கால். மரத்தாலாகிய கால்மேல் நின்று கொற்றவை ஆடியது. வேதம் வாசிக்கும்போது ‘இஃது என்ன கால்?’ என்று ஒருமுறை நின்று சிந்தித்தவன், சிலப்பதிகாரத்தில் அச்சொல்லைக் காணும்போது பழைய நண்பனைக் கண்டவனைப்போல் மகிழ்வான். நில்லாது ஓடியவனுக்கு அது குறிப்பேட்டின் இன்னொரு வரியாகவே முடியும்.

‘தாற்றுக்கோல்’ என்னும் சொல் நியாயாதிபதிகள் ஆகமத்தில் வருகின்றது. சம்கார் என்பான் அதனையே படைக்கலமாகக் கொண்டு பெலிஸ்தரை முறியடித்தான். பிரசங்கியின் கடைசி அதிகாரத்தில் ஞானிகளின் வாக்கியங்களுக்கு அஃது உவமையாகின்றது. அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலடியார் தம் மனந்திரும்புதலை அகிரிப்பா அரசனுக்கு எடுத்துரைக்கும் இடத்திலோ, ‘முள்’ என்னுஞ் சொல்லே காணப்படுகின்றது. முள்ளில் உதைத்தல் கடினம் என்பது அங்கு வரும் கருத்து. வழியிற் கிடக்கும் முள்ளை எவனும் உதைப்பானோ என்று சிந்தித்தல் வேண்டும். உதைப்பவன் மனிதனல்லன், ஏரிற் பூட்டிய எருது. முள்ளாவது உழவன் கையிலுள்ள தாற்றுக்கோலின் நுனியில் தைத்த இருப்பு முள். பின்னங்காலை வீசி அதனை உதைக்கும் எருது தன்னையே புண்படுத்திக்கொள்ளும். ஓரிடத்துச் சொல் மற்றோரிடத்துச் சொல்லை விளக்குவது இங்ஙனமே. இதனை விடுதி நண்பர் சிலரோடு ஆராய்ந்தபோது, உழவர் குடியிற் பிறந்த நண்பர் ஒருவர், ‘எங்களூரிலே தார்க்குச்சி என்போமே, அதுதானா?’ என்றார். அதுவேதான். எருதைக் குத்தும் முள்ளாகிய ‘தாறு’, வகுப்பில் அருஞ்சொல். அவர் வீட்டு மாட்டுத்தொழுவத்தில் அது எளிய சொல். அருமையும் எளிமையும் சொல்லில் இல்லை. சொல்லுக்கும் நமக்குமுள்ள தொலைவிலேயே உள்ளன.

இனி, உக்கிராணம். அநீதியுள்ள உக்கிராணக்காரனுடைய உவமையை நாமெல்லாரும் அறிவோம். அவனை ஏதோ உக்கிரமுடையவன் என்று எண்ணுவாரும் உளர். உக்கிராணம் என்பது பண்டங்களைச் சேர்த்துவைக்கும் அறை. கோயில்களிலும், திருமண விருந்து சமைக்கும் இடங்களிலும் அரிசி பருப்பு முதலியவற்றை வைத்து அளந்து கொடுக்கும் அறைக்கு இன்றும் அப்பெயர் வழங்குகின்றது. அவ்வறையின் திறவுகோலை உடையவனே உக்கிராணக்காரன். அதனை அறிந்தபின் அவ்வுவமையை வாசித்தால், தலைவன் கேட்ட கணக்கு எத்தகைய கணக்கென்பது கண்முன் வந்து நிற்கும்.

யோவான் ஸ்நானகன் கூறும் ‘தூற்றுக்கூடை’யும் அத்தகையதே. நெல்லைக் காற்றில் தூவிப் பதரைப் போக்குதல் தூற்றுதல். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்னும் பழமொழியும் அதனைக் குறித்தது. ஆனால் பிறரைப் பழித்துரைப்பதற்கும் தூற்றுதல் என்றே பெயர். ஏன்? களத்தில் தூற்றிய பதர் காற்றோடு பறந்து கண்டவிடமெல்லாம் படிகின்றது. வாய்விட்ட பழியும் அங்ஙனமே. ஒரு சொல்லினுள்ளே நம் முன்னோர் ஓர் உவமையை ஒளித்துவைத்துள்ளனர். மேலும், இவ்விடத்துப் ‘பதர்’ என்பதை அறிந்தவன், பயனில்லாத சொல்லைப் பாராட்டுவோனைத் திருவள்ளுவர் மக்களுட் ‘பதடி’ என்று இகழும்போது உரையை நாடவேண்டுவதில்லை. பதரும் பதடியும் ஒரு களத்துப் பொருள்களே.

1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கூடி வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பைப் போன்ற எளிய திருப்புதல்களை யாம் வெறுப்பதாக எவரும் கொள்ளவேண்டா. எல்லார்க்கும் விளங்கும் மொழியில் வேதம் இருத்தல் நன்றே. தமிழையே தொழிலாக மேற்கொள்ளப்போகும் நாமும், கடினமென்று கூறிப் பழைய திருப்புதலை மூடிவைப்பது தகுமோ என்பதே எம் வினா.

அருஞ்சொல் என்றவுடன் அறியாத ஒலியுடைய சொல்லையே நாம் எண்ணுகின்றோம். உண்மையில் பேரருஞ்சொற்கள் நாம் நன்கறிந்த சொற்களினுள்ளே மறைந்து கிடக்கின்றன. ‘பகல்’ என்பதை அறியாதார் யார்? ஆயினும் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலைமைக்கு உவமை கூறவந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், நீண்ட நுகத்தின் பகலைக் காட்டுகின்றார். நுகத்திற்குப் பகலும் இரவும் உண்டோ? நுகம் இயேசுபெருமான் திருவாய்மொழியால் நமக்குப் பழகியதே: இரண்டு எருதுகளின் கழுத்திற் பூட்டும் மரம். அதன் நட்டநடுவே, எருது இரண்டும் சமமாக இழுக்குமாறு தைத்த ஆணிக்கே பகல் என்று பெயர். இனி இதற்கும் பகற்பொழுதிற்கும் உறவு யாது என்று சிந்திப்போம். பகுதி, பகுப்பு, பகிர்வு என்னுஞ் சொற்கள் நினைவிற்கு வரும். ‘பகு’ என்பது பிரித்தல். நுகத்தை இருபாலாகப் பிரித்து நடுநிற்பது பகல். நாளைப் பிரித்து நடுநிற்கும் பொழுதும் பகல். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன், பகல் என்பதற்குப் பகுத்தல், நடுவு, கதிரவன், நுகத்தாணி முதலிய பொருள்களைத் தருகின்றது. இவற்றை உருப்போட முயன்றால் நான்கும் நான்கு திசையில் ஓடும். பகு என்னும் வேரைப் பிடித்தவனுக்கு நான்கும் ஒரு குலையாகக் கையில் வந்துவிடும். அகராதி கடைசியிற் பார்க்கத்தக்கது என்று யாம் கூறுவது இதனாற்றான். முதலில் சொல் நிற்கும் இடத்தை நோக்கி, அதன் சுற்றத்தாரை நோக்கி, நாமாக ஒரு பொருளைத் துணிந்து, பின்னர் அகராதியைத் திறத்தல் வேண்டும். துணிந்த பொருள் பொருந்தின் மகிழ்ச்சி. பொருந்தாவிடின் அதனினும் நன்று. பிறழ்ந்து பின் திருத்திய சொல் ஒருநாளும் மறவாது.

இம்முறை நாம் புதிதாகக் கண்டதன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழெழுத்துக்களைத் திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதிக் கற்றார். பின்னர்த் தம் நாட்கடமையைக் கடிதமொன்றில் விவரிக்கின்றார்: காலை 7 மணிமுதல் 8 மணிவரை முன்பு கற்ற சொற்களையும் தொடர்களையும் திரும்ப நோக்குதல், 8 மணிமுதல் நண்பகல்வரை தாம் முன் வாசித்திராத தமிழ் நூல்களை வாசித்தல். ஒரு முதிய புலவர் உடனிருந்து விளக்குவார். ஓர் எழுத்தர் புதிய சொற்களையும் தொடர்களையும் குறித்துக்கொள்வார். சொற்றொகுதியைப் பெற்றுக்கொண்டு நூலுக்குள் அவர் செல்லவில்லை. நூல்களை வாசித்தே சொற்றொகுதியை உண்டாக்கினார். பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகைப்பட்ட வீரமாமுனிவரின் சதுரகராதி (1732), பப்ரிசியுஸ் ஐயரின் அகராதி (1779), வின்சுலோ பண்டிதரின் பேரகராதி (1862), 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த லெக்சிகன் ஆகிய யாவும் வாசித்தோர் தந்த பயன்களே. பிறர் வாசிப்பின் பயனை நாம் வாசியாதிருப்பதற்குக் கருவியாகக் கொள்வது வியப்பிலும் வியப்பு.

வாசிப்பு என்றது நூல்களை மட்டுமன்று. தெருவில் நடக்கும்போதும் வாசிக்கலாம். காலையில் வாயிலில் வந்து விழும் பாற்பையில் ‘ஆவின்’ என்றிருக்கின்றது. நாம் பாலைக் காய்ச்சிவிட்டுப் பையை எறிந்துவிடுகின்றோம். பசுவை இன்று எவரும் ஆ என்றழைப்பதில்லை. ஆயினும் நன்னூலார் எண்ணிக் காட்டிய 42 ஓரெழுத்தொருமொழிகளுள் ஒன்றாகிய ஆ, இன் என்பதோடு புணர்ந்து நாடோறும் நம் அடுக்களைக்கு வருகின்றது. ஆயரும் ஆய்ச்சியரும் அதன் வழிவந்தோர். சார்பதிவாளர் அலுவலகத்தின் அருகே ‘ஆவண எழுத்தர்’ என்று பலகைகள் தொங்குகின்றன. அகநானூற்றின் 77-ஆம் பாட்டில், குடத்திலிட்ட ஓலைகளை எடுக்கும்பொருட்டு அதன் பொறியைக் கண்டு நீக்குவோர் ‘ஆவணமாக்கள்’ எனப்படுகின்றனர். அவர்க்கும் இப்பலகைக்கு உரியார்க்கும் தொழிலுறவு உண்டு. அந்நூலின் 122-ஆம் பாட்டிலோ, கடைத்தெரு ஆவணம் எனப்படுகின்றது. பேருந்துக்குக் காத்துநிற்கும் கால்மணி நேரத்தில் இத்துணையும் சிந்திக்கலாம். வேறு செய்தற்கும் அங்கு ஒன்றுமில்லை.

‘கைபேசியில் ஒரு சொல்லைத் தட்டினால் நொடியில் பொருள் வருகின்றதே, இத்துணைச் சிந்தனை எதற்கு?’ என்பார்க்கு யாம் கூறுவது இது. நொடியில் வருதல் நலமே. யாமும் அதனைப் பயன்கொள்கின்றோம். ஆயின் வருவது பொருள்மட்டுமே. சொல்லின் உறவும் ஊரும் வருவதில்லை. வகுப்பில் ‘கொண்டல் - மேகம்’ என்று எழுதிக்கொண்டோம். கடற்கரையூரிலிருந்து வந்த நண்பர் ஒருவரோ, ‘எங்கட்குக் கொண்டல் காற்றன்றோ? கிழக்கிலிருந்து வீசுவது’ என்றார். தெற்கிலிருந்து வருவது சோழகம் என்றும், மேற்கிலிருந்து வருவது கச்சான் என்றும் மேலும் கூறினார். கொண்டலைக் கீழ்காற்று என்று நிகண்டுகளும் கூறும். மரக்கலத்தோர் வாயில் உயிரோடிருக்கும் ஒரு சொல்லை நாம் இறந்ததாகக் கருதிக் குறிப்பேட்டில் அடக்கஞ் செய்திருந்தோம்!

இன்னொரு தடையும் உண்டு. அருஞ்சொல் பயில்வோர் அவற்றைக் கண்டவிடமெல்லாம் வாரியிறைத்து, எழுதுவதனை எவர்க்கும் விளங்காதவாறு செய்துவிடுவர் என்பது. இக்குற்றச்சாட்டில் உண்மையுண்டு. ‘யானை வந்தது’ என்னுமிடத்து ‘களிறு போந்தது’ என்றெழுதிப் புலமை காட்டுவாரை நாம் அறிவோம். கல்லூரி மலர்களின் தமிழ்ப் பகுதிக்கு இவர்களால் வரும் இடர் சிறிதன்று. ஆனால் உற்றுநோக்கின், இங்ஙனம் செய்வோர் குறிப்பேட்டிலிருந்து சொற்கற்றவரே. களிறு ஆண்யானைக்கே உரிய பெயர் என்பதும், பெண்யானை பிடி என்பதும் வாசித்தறிந்தவனுக்குத் தெரியும். அவன் வேண்டாதவிடத்தில் அச்சொல்லை இடான். அருஞ்சொல்லைப் பயில்வது முதற்கண் வாசித்தற்பொருட்டு. எழுதுதல் அதன் பின்னது.

எனவே எம் பேராசிரியன்மார் திருமுன் பணிவோடு இரண்டு வேண்டுகோள்கள் விடுக்கின்றோம். முதலாவது, பாடலுக்கு முன் பதவுரை தருவதை நிறுத்துக. ஒரு கிழமைக்கு முன்னரே பாடலை மட்டும் எம்மிடம் தந்து, தெரியாத சொற்களுக்கு யாம் துணிந்த பொருளை எழுதிவரப் பணித்து, அதன்பின் வகுப்பில் உரைகூறுக. தொடக்கத்தில் நேரம் மிகுதியாகச் செல்லும். பாடப்பகுதி முடியாது என்னும் அச்சமும் எழும். பத்துப் பாடல்களை இம்முறையில் முடித்தோர் பதினோராவதைத் தாமே வாசிப்பர் என்பதால் அவ்விழப்பு மீளும். இரண்டாவது, லெக்சிகன் தொகுதிகள் பூட்டிய பேழையில் இருத்தல் ஆகாது. கேட்டுப்பெறுதல் வேண்டுமெனின் கேட்போர் குறைவர். வாசிப்பறையின் மேசைமேல் அவை திறந்தே கிடக்கட்டும். தாள் கிழியுமாயின் கிழியட்டும், ஒட்டிக்கொள்ளலாம்.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்க்கும் ஒன்று. தாங்கள் பற்பல ஊர்களிற் பற்பல தொழில்களில் அமர்ந்துள்ளீர்கள். தங்கள் ஊர்ப் பெரியோர் வாயில் வழங்கி, தங்கள் மக்கள் வாயில் வழங்காத சொல் ஒவ்வோர் ஊரிலும் இருக்கும். ஏரிலோ, படகிலோ, அடுப்பங்கரையிலோ, ஆலயத்திலோ. அத்தகைய சொல்லொன்றையும், அதனைக் கேட்ட இடத்தையும், அதன் பொருளையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதித் தமிழ்ப் பகுதியின் ஆசிரியர்க்கு விடுப்பீர்களாயின், மாணவராகிய யாங்கள் அவற்றை லெக்சிகனோடு ஒப்புநோக்கி, அதில் உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் வேறுபிரித்து, அடுத்த ஆண்டு மலரில் வெளியிடச் சித்தமாயிருக்கின்றோம். தார்க்குச்சியும் சோழகமும் எம்மிடம் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டன.